பிடித்த படங்களை ட்ரேசிங் பேப்பரில் வரைந்து பார்த்தேன்: கம்போசிஷன் பற்றி ஒரு சந்தேகம்

#1 காசிமேட்டுக்காகம்

எல்லாருக்கும் வணக்கம். சென்னையில் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பிடித்த ஐந்து படங்களை எடுத்துக்கொண்டு அவற்றின் கம்போசிஷனைப் பற்றி, அதாவது சட்டத்துக்குள் எது எங்கே இருக்கிறது என்பதைப் பற்றி, எழுதச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு ராத்திரி வேலை என்று நினைத்தேன். ரூல் ஆஃப் தேர்ட்ஸ் (சட்டத்தை நீளத்திலும் அகலத்திலும் மூன்றாகப் பிரித்து, ஆளை நடுவில் வைக்காமல் கோட்டில் வைப்பது), லீடிங் லைன் (கண்ணை இழுத்துப் போகும் கோடு), ஃப்ரேமுக்குள் ஃப்ரேம் என்று நாலு சொல்லைத் தூவினால் மார்க் வந்துவிடும்.

ஆனால் போன மாதம் காசிமேட்டில் நான் எடுத்த படங்களைப் பார்த்துவிட்டு எங்கள் ஆசிரியர் கேட்ட கேள்வி தொண்டையிலேயே நிற்கிறது: "எல்லாம் கட்டத்துல சரியாத்தான் உட்கார்ந்திருக்கு. ஆனா இதை நான் எதுக்குப் பார்க்கணும்?" 340 படம். விடிகாலை நாலு மணிக்கு எழுந்து போய் எடுத்தது. எனக்குப் பதில் தெரியவில்லை.

அந்தக் கோபத்தில் ஒரு காரியம் செய்தேன். பிடித்த படங்களை ஏ4 தாளில் பிரிண்ட் எடுத்து, ஹாஸ்டல் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, மேலே ட்ரேசிங் பேப்பர் வைத்து வெளிக்கோடுகளை மட்டும் பென்சிலால் வரைந்தேன். முகம், துணி மடிப்பு, நிழல் எதுவும் கிடையாது. அப்புறம் படத்தை உருவிவிட்டு வெறும் கோடுகளைப் பார்த்தேன்.

முதலில் எல்லாருக்கும் தெரிந்த படம்: 1932இல் பாரிஸ் சான் லாசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஹென்றி கார்டியே பிரெஸ்ஸோன் எடுத்தது. தேங்கிய தண்ணீரில் கிடக்கும் ஏணியிலிருந்து ஒருவர் தாவுகிறார். "ஓடுகிறவருக்கு முன்னால் இடம் விடு" என்று எங்களுக்குப் பாடம். இங்கே அவருக்கு முன்னால் இடமே இல்லை, வலது ஓரத்தில் இடித்துக்கொள்ளப் போகிறார். பின்சுவரில் ஒட்டிய சுவரொட்டியில் ஒரு நடனக்காரி எதிர்ப்பக்கம் பார்த்துத் தாவுகிறாள். ட்ரேசிங்கில் என் கண் போய் நின்றது வேறு ஒரு இடத்தில்: அவருடைய குதிகாலுக்கும் தண்ணீரில் தெரியும் பிம்பத்துக்கும் நடுவே இருக்கும் வெள்ளை. என் பிரிண்டில் அது ஒரு அரிசி அளவுதான். அதை விரலால் மறைத்துப் பார்த்தேன். படம் செத்துவிட்டது, ஒரு ஆள் தண்ணீரில் நிற்கிறான், அவ்வளவுதான்.

இரண்டாவது, ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் 1907இல் கப்பலில் எடுத்தது. மேல்தளத்தில் ஒரு கூட்டம், கீழ்த்தளத்தில் ஏழைப் பயணிகள் கூட்டம், நடுவே வெள்ளைப் பாலம் ஒன்று குறுக்கே போகிறது. அந்தப் பாலத்தில் ஒருவருமில்லை! இரண்டு கூட்டத்தையும் பிரித்து வைத்திருப்பதே அந்தக் காலியான பாலம்தான்.

மூன்றாவது, ரகு ராய் 1995இல் மும்பை சர்ச்கேட் ஸ்டேஷனில் எடுத்தது. ஷட்டரை மெதுவாக விட்டதால் ஜனங்கள் ஆறு மாதிரி கரைந்து ஓட, பேப்பர் படிப்பவர்கள் மட்டும் கல் மாதிரி இருக்கிறார்கள். நாலாவது, ரகுபீர் சிங் 1991இல் ஹவுராவில் எடுத்த நடைபாதைக் கண்ணாடிக் கடை. அதில் கண்ணாடிகள் தெருவையே துண்டு துண்டாக வெட்டி வைத்திருக்கின்றன.

நாலிலும் என்னைப் பிடித்து வைப்பது இடைவெளி என்று தோன்றுகிறது. ரூல் ஆஃப் தேர்ட்ஸ் எதிலும் பெரிதாக வேலை செய்வதாகத் தெரியவில்லை. ஐந்தாவது படத்துக்கு யோசனை சொல்லுங்கள். நான் உளறுகிறேன் என்றால் அதையும் சொல்லுங்கள்.

#2 சும்மா வந்தவன்

ஜன்னல்ல டேப் ஒட்டினதுக்கு வார்டன் என்ன சொன்னாங்க?

#3 கொங்கு க்ளிக்

நல்லாத்தான் யோசிச்சிருக்கீங்க. ஆனா ரூல் ஆஃப் தேர்ட்ஸை இப்படித் தூக்கிப் போடாதீங்க. பதினாலு வருசமா கல்யாண வீட்டுல நிக்கறவன் சொல்றேனுங்க.

ஒரு முகூர்த்தத்துக்கு மூவாயிரம் படம் எடுக்கறோம். தாலி கட்டற பத்து செகண்டுல இடைவெளியைத் தேடிட்டு இருந்தா, மாமனார் வந்து காதைத் திருகிருவாரு. அப்ப கை தானா ஒரு பக்கம் போகுதில்ல, அந்தப் பழக்கத்துக்குத்தான் விதி.

இன்னொரு காரணம் உங்க புத்தகத்துல இருக்காது. ஆல்பத்துல ரெண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரே படமாப் போடுவோம். நடுவுல மடிப்பு வரும். மாப்பிள்ளை பொண்ணை நட்ட நடுவுல நிறுத்தி எடுத்தீங்கன்னா மடிப்பு சரியா பொண்ணோட மூக்கு மேல விழும். புதுசுல ஒரு தடவை எனக்கு அப்படி ஆச்சு. முழு ஆல்பமும் என் செலவுல மறுபடி அடிச்சுக் குடுத்தேன். அன்னிலிருந்து நடுவை விட்டுத் தள்ளி நிக்கறேன். விதியை எனக்குக் கத்துக் குடுத்தது அந்த மூக்குதானுங்க.

#4 இருட்டறை

தம்பி, ட்ரேசிங் பேப்பர் யோசனை பிரமாதம். நாங்கள் அதைத் தினமும் இலவசமாகச் செய்துகொண்டிருந்தோம் என்று சொன்னால் நம்புவாயா?

மதுரையில் அப்பா ஸ்டூடியோவில் ஸ்டாண்டு கேமரா இருந்தது. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டால் பின்னால் தேய்த்த கண்ணாடியில் படம் தலைகீழாக விழும். உட்கார்ந்திருப்பவர் கலெக்டரா கணக்குப்பிள்ளையா என்று அங்கே தெரியாது. தொங்குகிற உருவங்கள்தான் தெரியும். தோளுக்கும் நாற்காலி முதுகுக்கும் நடுவே எவ்வளவு வெளிச்சம் வருகிறது, பூச்சாடி காதில் முளைக்கிறதா, இதெல்லாம் தலைகீழாகப் பார்க்கும்போது பளிச்சென்று அகப்படும். முகத்தைப் பார்த்தால் மனசு முகத்தோடு பேசப் போய்விடும், ஓரத்தைப் பார்க்காது.

இப்போது உன் கேமராவில் அந்த வசதி இல்லை. எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் தலைகீழாகத் திருப்பிப் பார். பாதி வியாதி தெரிந்துவிடும்.

#5 பனங்கூடல்

யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். உங்கட இடைவெளிக் கதை வடிவாத்தான் இருக்கு. ஆனா டொரோதியா லாங் 1936இல கலிபோர்னியாவில, நிப்போமோ எண்ட இடத்தில எடுத்த அந்தத் தாயின்ர படத்தை ஒருக்கா ட்ரேசிங்கில போடுங்கோ. ரெண்டு பக்கமும் பிள்ளையள் முகத்தைத் திருப்பிக்கொண்டு தோளில சாஞ்சு நிக்கினம். மடியில கைக்குழந்தை. ஊசி போக இடமில்லை. நாலு பேரும் ஒரே கட்டி. முகமும் கிட்டத்தட்ட நடுவிலதான் இருக்கு, கொங்கு அண்ணையின்ர மடிப்பு விழுந்தா மூக்கு போயிடும்.

அப்பிடியிருந்தும் எத்தினை தரம் பாத்தாலும் கண் அங்கால போகுதில்லை. இதை எந்தக் கணக்கில சேர்ப்பியள்?

#6 காசிமேட்டுக்காகம்

@சும்மா வந்தவன்: வார்டன் கவனிக்கவில்லை. தயவுசெய்து யாரும் சொல்ல வேண்டாம்.

@இருட்டறை: சார், தம்பி இல்லை, தங்கச்சி. 340 படத்தையும் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது. பாதிப் படங்களில் பாய்மரக் கம்பமோ லாரிக் கண்ணாடியோ யார் தலையிலாவது முளைத்திருக்கிறது. நேராகப் பார்த்தபோது ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

@பனங்கூடல்: அண்ணா (அக்காவா?), நேற்று ராத்திரி முழுக்க அந்தப் படத்தோடுதான் இருந்தேன். நீங்கள் சொன்னது சரி. கோடு போட்டால் மலை மாதிரி ஒரே முக்கோணம் வருகிறது. என் கொள்கை அங்கே உடைந்துவிட்டது.

ஆனால் அதே இடத்தில் லாங் எடுத்த மற்ற படங்களையும் தேடிப் பார்த்தேன். ஒன்றில் கூடாரம் முழுசாகத் தெரிகிறது, மூத்த பெண் தனியாக உட்கார்ந்திருக்கிறாள், தரையில் சாமான்கள். இடைவெளி ஏராளம். அதைப் பார்க்கும்போது "பாவம், ஏழைக் குடும்பம்" என்று நினைத்துவிட்டுக் கடந்து போய்விடுகிறேன். நெருங்கி எடுத்ததில் கூடாரம் இல்லை, சாமான் இல்லை, பிள்ளைகளின் முகங்களே இல்லை. ஒரே ஒரு முகம். பிள்ளைகள் நம்மைப் பார்த்திருந்தால் மூன்று முகமாகியிருக்கும், அம்மாவின் கன்னத்தில் வைத்த விரல்களை யாரும் பார்த்திருக்கமாட்டோம்.

அதனால் இடைவெளி என்பதை அப்படியே வைத்துக்கொண்டு ஒரு திருத்தம்: விடுவதும் மூடுவதும் ஒரே வேலையாக இருக்கலாம், இரண்டுமே எடுப்பவர் முடிவு. இது சமாளிப்பு என்று நினைத்தால் சொல்லுங்கள்.

#7 நாலு காலம்

சமாளிப்புதான். ஆனால் நல்ல சமாளிப்பு.

பத்திரிகையில் இருபது வருஷமாகப் படம் எடுக்கிறேன், திருச்சி. இரண்டு விஷயம் சொல்லவேண்டும்.

முதலாவது, ரூல் ஆஃப் தேர்ட்ஸ் கேமராவோடு பிறந்தது இல்லை. அந்தப் பெயர் 1797இல் ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேயர் நிலக்காட்சி ஓவியம் பற்றி எழுதிய புத்தகத்தில் வருகிறது. தாகேர் புகைப்படம் எடுக்கும் தன் முறையை உலகத்துக்கு அறிவித்தது 1839இல். ஓவியர்கள் வானத்துக்கு எவ்வளவு, பூமிக்கு எவ்வளவு என்று பங்கு போட வைத்துக்கொண்ட கணக்கு, பிறகு நம் கேமரா திரையில் நாலு கோடாக வந்து உட்கார்ந்துவிட்டது. 24×36 மில்லிமீட்டர் ஃபிலிமில் அது பொருந்தும். பத்திரிகைப் படக்காரர் ஹோமாய் வியாரவாலா ரோலிஃப்ளெக்ஸ் கேமரா வைத்திருந்தார், அதில் படம் சதுரம். சதுரத்தில் நடு என்பது தவறே இல்லை. அவர் 1950களில் எடுத்த, நேரு புறாவைப் பறக்கவிடும் படத்தைப் பாருங்கள். அந்தக் கேமராவை இடுப்பு உயரத்தில் பிடித்துக் குனிந்து பார்ப்பார்கள், இடம் வலமாகத் தெரியும். அந்தத் தலைமுறைக்கு உலகம் எப்போதுமே கொஞ்சம் மாறித்தான் தெரிந்தது. இருட்டறை ஐயா சொன்ன தலைகீழ்க் கதைக்கு அண்ணன் தம்பி.

இரண்டாவது, உங்கள் "எடுப்பவர் முடிவு". பேப்பரில் அப்படி ஒன்று கிடையாது. நாலு காலம் (பத்தி) அகலத்துக்கு நான் எடுத்த படத்தை ராத்திரி பத்து மணிக்கு டெஸ்க்கில் ஒற்றைக் காலமாக வெட்டுவார்கள், ஏனென்றால் கடைசி நேரத்தில் விளம்பரம் வந்துவிட்டது. கீழே விட்ட இடத்தில் தலைப்பை ஏற்றுவார்கள். ஒரு வெள்ளப் படத்தில் தண்ணீர் இருந்த பக்கத்தையே வெட்டிவிட்டார்கள். வறண்ட தெருவில் ஒருவர் வேட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார், கீழே என் பெயர்.

அதிலிருந்து ஒவ்வொரு காட்சியையும் நான்கு விதமாக எடுக்கிறேன். அகலமாக, நெட்டாக, நெருக்கமாக, மேலே காலி விட்டு.

#8 கொங்கு க்ளிக்

வேட்டி மேட்டருக்கு அரை மணி நேரம் சிரிச்சேனுங்க அக்கா.

வெட்டறதுன்னு வந்ததால கேக்கறேன். கார்டியே பிரெஸ்ஸோன் படத்தை வெட்டவே கூடாதுன்னு சொன்ன ஆளு. ஆனா அந்தத் தாவற படமே வெட்டினதுதான? வேலிப் பலகைச் சந்துல லென்ஸை நுழைச்சு எடுத்திருக்காரு. சந்து பத்தல, இடது பக்கம் பலகை மறைச்சிருச்சு, அதை வெட்டிட்டாரு. அப்புறம் தங்கச்சி சொல்ற "முன்னால இடமே இல்ல" எல்லாம் அவரு யோசிச்சு வெச்சதா, அதிர்ஷ்டமா?

#9 இருட்டறை

அதிர்ஷ்டம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வலது பக்கம் அவர் கையில்தானே இருந்தது? இடது பக்கப் பலகையை எடுத்தாக வேண்டும், வேறு வழியில்லை. வலது ஓரத்தில் தாவுகிறவரை நெருக்கடியாகவே விட்டுவைத்தது, இத்தனை நெகடிவ்களுக்கு நடுவே இதை எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தது, இவை அவர் செய்தவை.

சர்ச்கேட் பற்றி ஒன்று. அதே 1995இல் அதே ஸ்டேஷனில் செபஸ்தியோ சால்காதோவும் நின்று, அதே மாதிரி ஷட்டரை மெதுவாக விட்டு எடுத்திருக்கிறார். அவர் படத்தில் ஜனம் ஒரு வெள்ளம், ஆள் என்று தனியே பிடித்துக்கொள்ளக் கஷ்டம். ரகு ராய் படத்தில் பேப்பர் படிக்கிறவர் கிடைக்கிறார். ஒரே ஸ்டேஷன், ஒரே உத்தி, இரண்டு மனுஷன். அந்த இரண்டையும் பக்கத்தில் வைத்து ட்ரேசிங் போடம்மா, உன் கட்டுரைக்கு அதுவே போதும்.

கம்போசிஷன் க்ளிக் செய்ததோடு முடிகிறது என்று இங்கே எல்லாரும் பேசுவது எனக்கு ஒப்பவில்லை. ஆன்சல் ஆடம்ஸ் 1941 நவம்பர் 1ஆம் தேதி நியூ மெக்சிகோவில் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரில் நிலவு எழும்புவதை எடுத்தார். கல்லறைச் சிலுவைகளில் கடைசி வெயில் போய்க்கொண்டிருக்கிறது, வெளிச்சம் அளக்கும் மீட்டர் கைக்கு அகப்படவில்லை. நிலவின் பிரகாசம் இவ்வளவு என்று மனதில் இருந்த கணக்கை வைத்து ஒரு நெகடிவ் எடுத்தார். அடுத்ததற்குள் வெயில் போய்விட்டது. ஆனால் நாம் இன்றைக்குப் பார்க்கும் அந்தக் கரிய வானம் அன்றைக்கு அங்கே இருந்ததில்லை. நெகடிவில் மேகமெல்லாம் இருக்கிறது. வருஷக்கணக்கில் டார்க் ரூமில் நின்று, பிரிண்டுக்கு பிரிண்ட் வானத்தைக் கறுப்பாக்கிக்கொண்டே வந்தார். படத்தில் பெரிய பங்கு இப்போது ஒன்றுமில்லாத கறுப்பு. உன் இடைவெளி அங்கே இருட்டறையில் செய்தது.

நம் ஊரில் அதற்கு எண்பது வருஷத்துக்கு முன்னாலேயே இந்த வேலை நடந்திருக்கிறது. 1858இல் லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி மதுரையையும் தஞ்சாவூரையும் மெழுகு பூசிய காகித நெகடிவில் எடுத்தார். அந்த ரசாயனத்தில் வானம் வெறுமனே வெளுத்துப் போகும், அதனால் நெகடிவிலேயே மேகத்தை வரைந்தார். பெரிய கோயில் அடித்தளத்துக் கல்வெட்டு ஒரு சட்டத்துக்குள் அடங்காது என்பதால் கேமராவை நகர்த்தி நகர்த்தி 21 படம் எடுத்து ஒட்டினார். சுமார் 19 அடி நீளம். அதற்கு எந்தக் கட்டம் போடுவீர்கள்?

#10 பனங்கூடல்

அக்கா இல்லை, அண்ணைதான்.

ஐயா மேகம் வரைஞ்சதைச் சொல்லேக்க ஒண்டு ஞாபகம் வந்தது. லாங்கின்ர அந்தப் படத்தில வலது பக்கம் கீழ் மூலையில ஒரு பெருவிரல் இருந்தது, கூடாரக் கம்பைப் பிடிச்சிருந்த விரல். 1939இல நெகடிவில அதை அழிப்பிச்சவை. நீங்கள் பாத்த பிரதியில விரல் இருக்கோ இல்லையோ எண்டு பாருங்கோ, ரெண்டு விதமாயும் உலாவுது. விரல் தெரியிற பிரதியைப் பாத்தாப் பிறகு எனக்குக் கண் ஒவ்வொரு தரமும் அங்கதான் போகுது. அழிச்சது சரியோ பிழையோ தெரியேல்லை, ஆனா ஏன் அழிச்சவ எண்டு விளங்குது.

#11 காசிமேட்டுக்காகம்

என் பிரதியில் விரல் இல்லை. மங்கலாக ஒரு கறை மட்டும் இருக்கிறது. அதை அச்சுக் கோளாறு என்று நினைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி காசிமேடு போனேன். இந்தத் தடவை 61 படம்தான் எடுத்தேன்.

ஏலம் முடிகிற நேரம். ஐஸ் உடைக்கும் சத்தம், நீலப் பிளாஸ்டிக் ட்ரேக்கள், தரை முழுக்க மீன் தண்ணீர். ஒரு அக்கா கூடையைப் பக்கத்தில் வைத்துவிட்டு இடது கையை இடுப்பில் ஊன்றி நின்று, வலது கையில் ரூபாய்த் தாள்களை விரலாலேயே எண்ணிக்கொண்டிருந்தார். எடுத்துக்கட்டுமா என்று கேட்டேன். "மீன் வாங்க வந்தியா, படம் புடிக்க வந்தியா?" என்றார். அரை கிலோ சங்கரா வாங்கினேன். ஹாஸ்டலில் அதை என்ன செய்வது என்பது வேறு கதை.

நின்றபடி பார்த்தால் அவர் தலை பின்னால் நின்ற ஐஸ் லாரியோடு ஒட்டிக்கொண்டது. போன மாதமாக இருந்தால் அதைப் பார்த்திருக்கவே மாட்டேன், அவரைக் கட்டத்தின் வலது கோட்டில் வைத்து அமுக்கிவிட்டுப் போயிருப்பேன். இந்தத் தடவை மண்டியிட்டேன். ஜீன்ஸ் முட்டிவரை ஊறிவிட்டது. தலை லாரியை விட்டு எழும்பி வானத்துக்கு வந்தது. ஆனால் இப்போது முழங்கை ஒரு விசைப்படகுக் கம்பத்தோடு ஒட்டிக்கொண்டது. ஒரு அடி இடப்பக்கம் நகர்ந்தேன். இடுப்பில் ஊன்றிய கைக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு முக்கோணம் திறந்தது. அதற்குள் கொஞ்சம் கடல், கொஞ்சம் வானம். காற்றடிக்கும்போது பின்னால் ஒரு படகின் சிவப்புக் கொடி அந்த முக்கோணத்துக்குள் வந்து வந்து போனது.

கொடிக்காக 23 படம் எடுத்தேன். கொடி உள்ளே இருந்தபோது அவர் தாளை எண்ணவில்லை, எண்ணியபோது கொடி இல்லை. 19ஆவதில் இரண்டும் இருக்கின்றன. கீழே போட்டிருக்கிறேன். வெட்டவில்லை, எடுத்தது எடுத்தபடி.

ஐந்தாவது படமாக லாங்கையே வைத்துக்கொள்கிறேன். என் கொள்கைக்கு ஒத்துவராத படம் என்றே எழுதப்போகிறேன்.

#12 நாலு காலம்

முக்கோணம் அருமை. மேலே வானத்தைக் கொஞ்சம் கூடுதலாக விட்டிருக்கலாம் என்று என் கை சொல்கிறது, தலைப்புக்கு இடம் விட்டுப் பழகிய கை, கண்டுகொள்ளாதீர்கள்.

#13 சும்மா வந்தவன்

சங்கரா என்னாச்சு?

#14 காசிமேட்டுக்காகம்

வாட்ச்மேன் தாத்தா வீட்டுக்குப் போய்விட்டது. அடுத்த நாள் குழம்பு டப்பாவில் திரும்பி வந்தது.

#15 இருட்டறை

நல்ல படம் அம்மா. தலைகீழாகவும் திருப்பிப் பார்த்துவிட்டேன், நிற்கிறது. வலது பக்கம் கீழ் மூலையில் நீல ட்ரேயின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒரு கட்டைவிரல் இருக்கிறதே, பார்த்தாயா?

#16 காசிமேட்டுக்காகம்

ஐயோ. இப்போதுதான் பார்க்கிறேன். ஏலம் கூவியவருடைய விரலாக இருக்கும், அவர் அந்தப் பக்கம்தான் நின்றார்.

வெட்டவா, விடவா?

#17 கொங்கு க்ளிக்

விடுங்க.

#18 நாலு காலம்

வெட்டுங்கள்.

#19 பனங்கூடல்

எனக்கு இனி விரல் மட்டும்தான் தெரியும்.